ஆட்ட உலகில் ஒரு காத்திக் மர்ம நாவல்: எழுதி, அச்சிட்டு, நூலகம் சேரும்வரை

வடசென்னை இராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு வருடம், சனிக்கிழமை ராத்திரிகளில், ஐந்து பேர் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடினோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம் அது. நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துகிறவர். கதை நடந்தது அந்த ஆட்டத்தின் திகில் உலகமான ராவன்லாஃப்டில், பரோவியா என்ற நாட்டில். மூடுபனி, மலைக் கோட்டை, அதில் ஒரு ரத்தக் காட்டேரிப் பிரபு. காத்திக் என்று சொல்லும் பழைய திகில் கதை வகை. ஆட்டத்தின் நடுவில் தானாக ஒரு கொலை மர்மம் உருவானது. அதைத் தமிழில் நாவலாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 180 பக்கம் முடித்த பிறகுதான், அதில் ஒரு பக்கத்தைக்கூட என்னால் விற்க முடியாது என்று தெரிந்தது. எட்டு மாத உழைப்பு அது.

பிறகு எல்லாவற்றையும் பிரித்து, வேறு உலகில் மறுபடி கட்டி, நானே பதிப்பித்தேன். நாவல் இப்போது கையில் இருக்கிறது. ஆட்ட மேசையில் பிறந்த ஒரு திகில் மர்மத்தைப் புத்தகமாக்க நினைக்கிறவர்கள் அந்த எட்டு மாதத்தை இழக்கக்கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உலகம் யாருடையது என்று முதலில் பாருங்கள்

முதல் வரி எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. பரோவியா, அதன் காட்டேரிப் பிரபு ஸ்ட்ராட், ராவன்லாஃப்ட் எல்லாம் ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் சொத்து. அவர்களுடைய ரசிகர் படைப்புக் கொள்கைப்படி அந்த உலகை வைத்து எழுதலாம், வரையலாம். ஆனால் இலவசமாகத்தான் தர வேண்டும். பத்து ரூபாய் விலை வைத்தாலும் அந்த அனுமதி போய்விடும். "சின்னப் புத்தகம்தானே, தமிழில்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று எனக்கும் நாலு பேர் சொன்னார்கள். கேட்காதீர்கள். புத்தகத்தில் உங்கள் பெயரும் முகவரியும் அச்சாகப் போகிறது.

நமக்குத் திறந்திருக்கும் வழி எஸ்.ஆர்.டி. எனப்படும், அந்த நிறுவனமே வெளியிட்ட ஆட்ட விதித் தொகுப்பு. அதன் 5.1 பதிப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டார்கள். அதில் உள்ள மந்திரங்கள், உயிரினங்கள், விதிகள் எல்லாவற்றையும் விற்பனைக்கான படைப்பிலும் பயன்படுத்தலாம். பதிலுக்கு ஒரே நிபந்தனை: அந்த ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு நன்றிக் குறிப்பு வாசகம் இருக்கும், அதை அப்படியே உங்கள் புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் போட வேண்டும். மொழிபெயர்த்துச் சுருக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயரை வேறெங்கும் போட்டு விளம்பரம் செய்துகொள்ளவும் கூடாது.

கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஆட்டத்தில் பார்த்ததெல்லாம் எஸ்.ஆர்.டி.யில் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தக் காட்டேரி இருக்கிறது, லிச் என்ற சாகாத மந்திரவாதிப் பிணம் இருக்கிறது, ஓநாய் மனிதன் இருக்கிறான். ஆனால் பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், டிஸ்ப்ளேசர் பீஸ்ட் போன்றவற்றின் விவரம் அதில் கிடையாது. உங்கள் கதையில் வரும் ஒவ்வொரு உயிரினத்தையும் மந்திரத்தையும் ஒரு தாளில் எழுதி, எஸ்.ஆர்.டி.யில் தேடி, டிக் போடுங்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. 5.2 பதிப்பு 2025-இல் வந்திருக்கிறது. எதை எடுத்தாலும் சரி, கடைசிவரை அந்த ஒன்றையே பின்பற்றுங்கள்.

2. கூட ஆடியவர்களிடம் எழுதி வாங்குங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் உருவாக்கியவர் ஒரு நண்பர். பெயர், பின்கதை, அவர் மேசையில் பேசிய வசனம் எல்லாம் அவர் மூளையில் பிறந்தவை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் நண்பன், அவனுடைய பாதிரியார் பாத்திரத்தை நாவலில் கொன்றிருக்கிறேன் என்று தெரிந்ததும், "டேய், அது என் ஆளுடா. என்னைக் கேட்காமல் எப்படிடா சாகடிச்ச?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். அவன் கேட்டது நியாயம்.

வாய்வார்த்தை போதாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். என்ன படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகளுக்கு, பதிலுக்கு என்ன தருகிறீர்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்:

காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டிலில் மலேசியா, கனடா வாசகர்களுக்குப் போக வேண்டுமென்றால் "உலகம் முழுதும்" என்று எழுதுங்கள்.

வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. நாவல் ஒரு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை. ஆகவே "பயன்படுத்தத் தாமதமானாலும் உரிமை நீடிக்கும்" என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள்.

எனக்கு நான்கு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். அச்சான புத்தகத்தில் இரண்டு பிரதியும் நன்றியுரையில் பெயரும் தருவதாக எழுதினோம். கையெழுத்துப் போட்ட அன்று மாடியிலேயே பிரியாணி சாப்பிட்டோம். நட்பு இருக்கும்போதே எழுதி வாங்குவதுதான் நட்புக்கும் நல்லது.

3. கோட்டையை விட்டு நம் தெருவுக்கு வாருங்கள்

பரோவியாவைக் கழற்றிய பிறகு என் நாவல் வெறும் எலும்புக்கூடாக நின்றது. பனி, பைன் மரம், கல் கோட்டை எல்லாம் போய்விட்டன. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் பனியைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்கள் எழுதியதைப் படித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

காத்திக் கதைக்கு வேண்டியது பழைய பாவம், பூட்டிய அறை, கண்ணை மறைக்கும் காற்று. இது மூன்றும் வடசென்னையில் இல்லையா? போகிப் பண்டிகை விடியலில் தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் நின்றிருக்கிறீர்களா? மார்கழிப் பனியும் எரிந்த டயர்ப் புகையும் சேர்ந்து எதிரே வரும் ஆள் பத்தடியில்தான் உருவமாவார். ஜார்ஜ் டவுன் சந்துகளில் கீழே கிடங்கு, மேலே வீடு என்று இருக்கும் கட்டடங்களில் எந்தப் படி எந்த அறைக்குப் போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. 1856-இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை இரவு பத்து மணிக்குப் பாருங்கள். கடற்காற்று ஜன்னல் கம்பிகளை அரித்துத் துருவாக்கிக் கொட்டுவதைப் பாருங்கள். எந்த வீடும் பாதுகாப்பில்லை என்பதை அதைவிட நன்றாக எந்தக் கோட்டையும் சொல்லாது.

என் உலகின் பெயர் உப்பங்கோட்டை. கழிமுகத்தில் ஒரு துறைமுக நகரம், விதிகள் எஸ்.ஆர்.டி., காற்று காசிமேட்டுக் காற்று. உங்கள் ஊர் மீஞ்சூர் என்றால் அந்த உப்பளக் காற்றில் எழுதுங்கள், வியாசர்பாடி என்றால் அந்தத் தண்டவாளச் சத்தத்தில் எழுதுங்கள். உரிமைச் சிக்கலும் தீரும், கதைக்கும் உயிர் வரும்.

4. மந்திரங்களை முதலில் அடக்குங்கள், பிறகு கொலை செய்யுங்கள்

மொத்த வேலையிலும் கடினமானது இதுதான். சாதாரணத் துப்பறியும் கதையில் பிணம் பேசாது. ஆட்ட உலகில் பேசும். மூன்றாம் நிலை மந்திரம் தெரிந்த பாதிரியார் ஒருவர் இருந்தால் "உன்னைக் கொன்றது யார்?" என்று பிணத்திடமே கேட்டுவிடலாம். இரண்டாம் அத்தியாயத்தில் கதை முடிந்துவிடும். மந்திரமே இல்லை என்று மறைத்தால் ஆட்டம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

விதியை வரிவரியாகப் படியுங்கள். பூட்டும் சாவியும் அங்கேயே கிடக்கும். பிணத்திடம் ஐந்து கேள்விதான் கேட்கலாம். அதற்கு வாய் இருக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே அதற்குத் தெரியும். கடந்த பத்து நாளுக்குள் ஒருவர் அந்தப் பிணத்தின்மேல் இந்த மந்திரத்தைப் போட்டிருந்தால் இன்னொருவர் போட முடியாது. இந்தக் கடைசி விதியைப் பாருங்கள்: மந்திரம் பலிக்கவில்லை என்றால், நமக்கு முன்பே யாரோ இந்தப் பிணத்தோடு பேசியிருக்கிறார்கள். யார்? ஏன் சொல்லவில்லை? என் நாவலின் முதல் திருப்பம் இப்படித்தான் வந்தது.

மனதைப் படிக்கும் மந்திரம் இன்னொன்று. அதை மெல்லிய ஈயத் தகடு தடுத்துவிடும் என்கிறது விதி. காசிமேட்டுக்காரர்களுக்கு ஈயம் என்றால் வலையில் கட்டும் குண்டுதான். என் கதையில் ஒரு வலை கரையில் காய்கிறது, அதில் ஈயக் குண்டுகள் பாதி இல்லை. யாரோ உருக்கித் தகடாக்கித் தலைப்பாகைக்குள் வைத்திருக்கிறார்கள். வாசகர் அந்த வலையை மூன்றாம் அத்தியாயத்திலேயே பார்த்துவிடுவார். பார்த்தும் கடந்து போவார்.

ரத்தக் காட்டேரி அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. இதை நம் பேச்சில் வைத்துப் பாருங்கள். வாசலில் யார் நின்றாலும் நாம் முதலில் சொல்வது "வாங்க". கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்பார், வீட்டுக்காரர் "போயிட்டு வாங்க" என்பார். வெறும் "போங்க" என்று சொல்லி அனுப்புவதில்லை. அப்படியானால் நம் ஊரில் வழியனுப்புவதே அடுத்த வருகைக்கான அழைப்பு! கதையில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் "நாங்கள் அவரை உள்ளே கூப்பிடவே இல்லை" என்று சத்தியம் செய்கிறார்கள். திண்ணையோடு நின்று பேசிவிட்டுப் போன ஆளுக்கு வழியனுப்பும்போது பாட்டி சொன்ன வார்த்தை ஒருவருக்கும் நினைவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

ஓடும் நீர் விதியும் அப்படித்தான். ஓடும் நீரில் இருந்தால் காட்டேரிக்குக் காயம். எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் ஓதத்தோடு உள்ளே வரும், அப்புறம் வெளியே போகும். நடுவில் எந்தப் பக்கமும் ஓடாமல் சற்று நேரம் நிற்கும். அந்த நேரத்தை யார் அறிவார்கள்? மீனவர் அறிவார்கள்.

ஆட்டத்தையும் நாவலையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இரண்டு யோசனை. மேசையில் துப்பு தவறிப்போனால் டன்ஜன் மாஸ்டர் இன்னொன்றைத் தரலாம், நாவலில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பாவது தனித்தனி அத்தியாயங்களில் போட்டு வையுங்கள். அடுத்து, பகடை விழுந்த விதத்தால் நடந்த எதையும் காரணமில்லாமல் கதையில் விடாதீர்கள். மேசையில் பகடையின் உச்ச எண்ணான இருபது விழுந்தபோது நாம் கத்திய கத்தல் வாசகருக்குக் கேட்காது.

5. எழுத்துரு, மெய்ப்பு, அட்டை

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ" உடையும். என் முதல் மெய்ப்பில் "கொலை" என்பது பல இடங்களில் "காெலை" என்று கிடந்தது. யூனிகோடிலேயே பக்கம் அமைப்பீர்களா என்று முன்பணம் தருவதற்கு முன் கேளுங்கள், பத்துப் பக்கம் மாதிரி வாங்கிப் பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைப் புத்தகத்தில் பயன்படுத்தத் தனிக் கட்டணம் இல்லை.

மெய்ப்புத் திருத்தத்துக்கு எனக்கு 12,000 ரூபாய் ஆனது. மர்ம நாவலுக்கு இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு பெயர் தப்பாக அச்சானால் வாசகர் அதைத் துப்பு என்று நினைப்பார். அட்டை ஓவியத்துக்கு 8,000. ஓவியரிடமும் 2-ஆம் படியில் சொன்னபடி எழுதி வாங்குங்கள், மின்புத்தகத்துக்கும் சேர்த்து.

6. ஐ.எஸ்.பி.என்.

புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண் இது, இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமையின் இணையதளத்தில் தனி எழுத்தாளராகவே பதிந்து விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, அட்டை, தலைப்புப் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எண் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். அப்படி வாங்கினால் பதிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கும்.

புனைபெயர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். விண்ணப்பதாரர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி, முன்னெழுத்து உட்பட, இருக்க வேண்டும். புனைபெயர் எழுத்தாளர் என்ற இடத்தில் மட்டும். நான் இரண்டிலும் புனைபெயரைப் போட்டு, திரும்ப முதலிலிருந்து செய்தேன். தலைப்பு உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள். தாள் புத்தகத்துக்கு ஓர் எண், மின்புத்தகத்துக்கு எண் வேண்டுமென்றால் அது வேறு. கிண்டிலில் விற்க எண் கட்டாயமில்லை.

7. பதிப்புரிமைப் பதிவு

கட்டாயமில்லை. எழுதிய கணமே உரிமை உங்களுடையது, உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 60 வருடமும் இருக்கும். ஆனாலும் 500 ரூபாய்தான், செய்துவிடுங்கள். நாளை யாராவது கதையைத் தூக்கினால் கையில் சான்று இருக்கும். படிவம் 14, இணையத்திலேயே நிரப்பலாம். கட்டணம் கட்டியதும் டைரி எண் வரும். ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகே பரிசீலனை தொடங்கும். சான்றிதழுக்காக அச்சை நிறுத்தி வைக்க வேண்டாம். எஸ்.ஆர்.டி.யிலிருந்து எடுத்ததை உங்களுடையது என்று விண்ணப்பத்தில் கோராதீர்கள்.

8. அச்சும் விலையும்

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நாள் சுற்றுங்கள். காகிதத்தைக் கையில் தொட்டுப் பார்த்தால்தான் தாளின் கனத்தைச் சொல்லும் 70 ஜிஎஸ்எம் என்றால் என்ன, மங்கிய மஞ்சள் தாள் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும். அச்சகம் வேறு எங்கு இருந்தாலும் பேசும்போது உதவும்.

விலைப்புள்ளி கேட்கும்போது எல்லா இடத்திலும் ஒரே விவரத்தைச் சொல்லுங்கள்: புத்தக அளவு (டெமி என்பது போல), பக்கம், தாள், அட்டை லேமினேஷன், பிரதி எண்ணிக்கை, வரி சேர்த்தா இல்லையா. அச்சிட்ட புத்தகத்தை விற்க ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அச்சுக் கூலிக்கு உண்டு. இதைக் கேட்காமல் விட்டு, பில் வந்தபோது திகைத்தேன். பக்க எண்ணிக்கையை 16-இன் மடங்காக அமையுங்கள். ஒரு பாரம் 16 பக்கம், மீறி இரண்டு பக்கம் போனாலும் செலவு ஏறும்.

என் கணக்கைச் சொல்கிறேன். 256 பக்கம், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100 பிரதி, வரியோடு ஒன்றுக்கு 135 ரூபாய், மொத்தம் 13,500. மெய்ப்பு, அட்டை, பதிவுக் கட்டணம் சேர்த்து 34,000 ரூபாய். விலை 320 வைத்தேன். விற்பனையாளர் கழிவு 30 முதல் 40 சதவீதம் கேட்பார்கள். 40 கொடுத்தால் 192 கைக்கு வரும், அச்சுச் செலவு போக 57 மிச்சம். நேரில் விற்றால் 185. அதனால் முதல் ஐம்பது பிரதியை ஆட்டக் குழுக்களிலும் நண்பர்களிடமும் நேரிலேயே விற்கப் பாருங்கள். ஆயிரம் பிரதி ஆஃப்செட் என்னும் மொத்த அச்சு முறையில் போட்டால் ஒன்றின் விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். முதல் நாவலுக்கு வேண்டாம். கட்டிலுக்கடியில் புத்தகமும் கடலோர ஈரமும் சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் அட்டை பூத்துவிடும்.

காலம் முக்கியம். பொங்கலையொட்டி நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும். அதற்காக நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். காட்சிக்குள் வர வேண்டுமென்றால் அக்டோபர் முடிவதற்குள் இறுதிக் கோப்பைக் கொடுத்துவிடுங்கள்.

9. கிண்டில்

தமிழ் மின்புத்தகத்தை ஏற்றுக்கொள்கிறார்கள், கட்டணம் இல்லை. பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் தேவை. வரி நேர்காணல் என்ற பகுதியில் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தச் சலுகையைக் கோருங்கள். அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகும்.

இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. ஆட்டக் குழுவில் அத்தியாயம் அத்தியாயமாகப் பொதுவில் பகிர்ந்திருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள். பணம், விற்ற மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்து வரும்.

10. நான்கு நூலகங்களுக்கு நான்கு பிரதி

நீங்கள்தான் பதிப்பாளர், ஆகவே இது உங்கள் கடமை. 1954-ஆம் ஆண்டு புத்தக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் உங்கள் செலவில் சேர வேண்டும். 100 அச்சிட்டால் விற்பனைக்கு 96 என்றே கணக்கு வையுங்கள். நண்பர்களுக்கு எழுதிக்கொடுத்த பிரதிகளையும் கழியுங்கள். வெளியூர் மூன்றையும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை ஒட்டி வைத்தேன்.

கன்னிமாராவுக்கு அஞ்சல் வேண்டாம், நேரில் போங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு மெட்ரோவில் சென்ட்ரல், அங்கே மாறி எழும்பூர், பிறகு நடந்தோ ஆட்டோவிலோ பாந்தியன் சாலை. அலுவலக நேரத்தில் காலையிலேயே போய்விடுவது நல்லது. அட்டையோடு, வரைபடத்தோடு, விற்பனைக்குப் போகும் அதே நிலையில் பிரதி இருக்க வேண்டும். பிரதியைப் பெற்றுக்கொண்டவர் எழுத்தில் ரசீது தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வாங்கி, நண்பர்கள் கையெழுத்திட்ட தாள்கள் உள்ள அதே கோப்பில் வையுங்கள்.